நாலாவது ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை, கூடி வந்த ஒரு கல்யாணத்தைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. பெரிய மனுஷியாகக் கூடப் போய், நாலு வார்த்தை பேசி, பையனுக்குப் பக்கபலமாக இருக்கலாம் என்று போனவள்தான் நான். இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, "மேடம், சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது" என்று வாராவாரம் மெசேஜ் போடுகிற நல்ல உள்ளங்கள் இந்த ஒரு வாரம் மன்னிக்கணும். சிரிப்பு வருகிற நிலைமையில் நான் இல்லை.

பையன் பெயர் மாதேஷ். என் சித்தி மகன். முப்பத்தெட்டு வயது. ஏரியூர் பக்கம் கொல்லை வைத்திருக்கிறான் — எங்கள் ஊரில் வயலைக் கொல்லை என்றுதான் சொல்வோம். மரவள்ளி, நிலக்கடலை, மழை பெய்தால் ராகி. பி.காம். படித்தவன். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, சத்தமாகப் பேசுகிற பழக்கம்கூடக் கிடையாது. பிறகு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் எங்கள் மாவட்டத்துக்காரர் இல்லை.

"பையன் என்ன பண்றாருங்க?"

"விவசாயம்ங்க."

"ஓ..."

அந்த 'ஓ'வோடு போன் வைக்கப்படும். ஒரு புரோக்கர், பயோடேட்டாவில் 'விவசாயம்' என்பதை அடித்துவிட்டு 'சொந்தத் தொழில்' என்று போட்டுப் பார்த்தார். உடனே இரண்டு இடம் வந்தது. என்ன தொழில் என்று விசாரித்தார்கள். மரவள்ளி என்றார் சித்தப்பா. மறுபடியும் 'ஓ...'. ஒரு பெண்ணின் அம்மா, ஏரியூரில் பீட்சா டெலிவரி உண்டா என்று கேட்டாராம். சித்தி எனக்குப் போன் போட்டாள். "பீச்சான்னா என்னா கண்ணு? நம்ம கொல்லையில வருமா அது?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

எத்தனை பெண் பார்த்தாகிவிட்டது என்று எண்ணுவதைச் சித்தி எப்போதோ விட்டுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் மாதேஷ் ஒரு புதுச் சட்டை போட்டுக்கொண்டு போவான். திரும்பி வந்ததும் மடித்து அலமாரியில் வைத்துவிட்டுக் கொல்லைக்குக் கிளம்பிவிடுவான். அந்தச் சட்டையை அப்புறம் தொட மாட்டான். ஒரு நாள் துண்டு எடுக்க அந்த அலமாரியைத் திறந்தேன். உள்ளே அத்தனை புதுச் சட்டைகள், அடுக்கி வைத்தபடி. துண்டு எடுக்காமலே மூடிவிட்டேன்.

இந்த இடம் வேறு மாதிரி. பெங்களூர். பெண் வளர்மதிக்கு முப்பத்திரண்டு வயது. அப்பா மொரப்பூர்க்காரர், ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆகி அங்கேயே தங்கிவிட்டவர். பெண் ஜியாலஜி படித்துவிட்டு, கற்களைச் சோதித்துச் சொல்லும் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். ஊர்ப்பக்கம் வந்து இருக்கவும் அவளுக்குத் தடையில்லையாம். அந்த அப்பாவே போன் செய்து, "விவசாயம்னு போட்டிருந்துது. பரவால்லீங்க, வாங்க" என்றிருக்கிறார். அந்த 'பரவால்ல'வுக்காகச் சித்தி கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

போகிற ஆட்கள் — சித்தி, மாதேஷ், நான், என் வீட்டுக்காரர். சித்தப்பாவுக்கு இடுப்பு சரியில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார முடியாது. கார், மாதேஷின் நண்பர் ஆரோக்கியத்துடையது. ஓட்டப்போவதும் அவர்தான்.

ஆரோக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். மாதேஷும் அவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரை ஒரே பெஞ்ச். இன்றைக்கும் ஒருத்தரை ஒருத்தர் 'மாப்ள' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர்கள் வீடு வேதக்காரர்கள் வீடு. கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வது வழக்கம். அவருக்கும் நிலம் உண்டு. மழை ஏமாற்றுகிற வருஷங்களில் கார் ஓட்டுகிறார், அதாவது பெரும்பாலான வருஷங்களில். மாதேஷின் மோட்டார் நின்றால் முதலில் வருகிற ஆள் அவர். சித்தப்பா இடுப்பு ஆபரேஷனுக்குப் போனபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் படுத்துக் கிடந்ததும் அவர்தான்.

காலை ஆறு மணிக்கு ஏரியூரில் கிளம்பினோம். நான் முந்தின நாளே அங்கே போய்விட்டேன். என் வீட்டுக்காரர் தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் வந்து பென்னாகரத்தில் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. பென்னாகரம் போய்ச் சேர்ந்தால், போன் வருகிறது.

"வயித்தால போகுது. என்னால முடியாது. நீங்க போயிட்டு வாங்க."

முந்தின நாள் ராத்திரி பரோட்டா வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். சொன்னதைக் கேட்கிற மனிதரா?

ஹைவே பிடித்துக் கிருஷ்ணகிரி வழியாகப் போயிருக்கலாம். நான்தான் கெடுத்தேன். "ஞாயித்துக்கிழமை ஹைவேல என்னங்க இருக்கு? ஒகேனக்கல் பக்கம் எறங்கி, அஞ்செட்டி வழியா போலாம். காடு, மலை எல்லாம் பார்த்துக்கிட்டே போலாம்" என்றேன். பத்தி எழுதுகிறவளுக்கு இயற்கை வேண்டாமா? ஆரோக்கியம் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "போலாங்கக்கா. ஆனா ஆத்தாவுக்கு வளைவு ஆவாதே?"

"நான் கண்ண மூடிக்கிறேன், ஓட்டு" என்றாள் சித்தி.

அந்தச் சாலையில் போயிருக்கிறீர்களா? போங்கள். உங்கள் மனசு நல்லா இருக்கிற ஒரு நாளாகப் பார்த்துப் போங்கள். இறக்கத்தில் வண்டி திரும்பத் திரும்ப ஒரு மலை போய் இன்னொரு மலை வருகிறது. சில மலைகளில் மண்ணே இல்லை. கறுத்த பாறை மொத்தமாக எழுந்து நிற்கிறது. சிலவற்றின் மேல் யாரோ அடுக்கி வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி குண்டுக் கற்கள். ஓரத்தில் புளியமரம், நடுவில் பாதி தூக்கத்தில் படுத்திருக்கிற மாடுகள், 'யானைகள் கடக்கும் இடம்' போர்டு. காலை வெயில் பாறையில் பட்டு, செம்பு அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்த மாதிரி ஒரு நிறம்.

முன் சீட்டில் மாதேஷ். வெளிர் நீலப் புதுச் சட்டை. ஆரோக்கியம் அவனுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே ஓட்டினார்.

"பொண்ணு, உங்க பொழுதுபோக்கு என்னன்னு கேக்கும். என்னா சொல்லுவ?"

மாதேஷ் யோசித்தான். "மோட்டார் போடறது."

"த்தூ. அது பொழப்பு. பொழுதுபோக்கு?"

"கரண்டு எப்ப வரும்னு உக்காந்து பாக்கறது."

ஆரோக்கியம் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். மாதேஷும் சிரித்தான். நான் அவன் சிரித்துப் பார்த்தே ரொம்ப நாள் ஆகியிருந்தது. "எதுனா கேட்டா பேசு மாப்ள. வாயில கொழுக்கட்டய வெச்சிக்கினு உக்காந்திருக்காத. இந்த வாட்டி கூடிரும், பாரு" என்றார் ஆரோக்கியம்.

நாற்றாம்பாளையத்துக்கு முன்னால் ஒரு வளைவில் சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வண்டியை ஓரம் கட்டினார். சித்தி இறங்கி, வாந்தி எடுத்து, அவர் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரில் முகம் கழுவி, நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். முகம் மாறியது.

"ஏங் கண்ணு... உங்க வூட்டுக்காரரு வர்லன்னா, நாம மூணு பேரால்ல போறோம்?"

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. போனால் காரியம் நடக்காது. தவிர்க்க முடியாமல் மூன்று பேர் ஆகிவிட்டால் அதற்கும் வழி உண்டு. ஒரு கல்லை எடுத்து மடியிலோ பையிலோ வைத்துக்கொண்டால், அது நாலாவது ஆள்.

பூனை குறுக்கே போனால் பூனைக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று அர்த்தம் — இதே இடத்தில் நான் எழுதி, நீங்கள் பாராட்டி, பழைய கதை அது. அப்படி எழுதியவளின் வாய்தான் அன்றைக்குச் சொன்னது:

"அதுக்கென்ன சித்தி, ஒரு கல்லை எடுத்துப் பையில போட்டுக்கோங்க."

ஆரோக்கியம் தண்ணீர் பாட்டிலோடு அங்கேயே நின்றிருந்தார். குனிந்தார். சாலை ஓரத்தில் கிடந்த கற்களில் ஒன்றை எடுத்து, பிடிக்கவில்லை போல, போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார். முட்டை அளவு, வெளுத்த கல், நடுவில் பழுப்பு வரி. மண்ணைச் சட்டையிலேயே துடைத்துவிட்டுச் சித்தியிடம் நீட்டினார்.

"இந்தாங்க ஆத்தா. நல்லா உருண்டையா இருக்குது."

சித்தி வாங்கி, பூ, பழம், எலுமிச்சம்பழம் இருந்த பைக்குள் போட்டாள். நிம்மதியாக ஏறி உட்கார்ந்தாள்.

மாதேஷ் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆரோக்கியத்தைப் பார்த்தான். ஏதோ சொல்லப் போகிற மாதிரி இருந்தது. சொல்லவில்லை. ஆரோக்கியம், "ஏறு மாப்ள, பன்னண்டு மணிக்கு எமகண்டம்" என்றார். வண்டி கிளம்பியது.

எனக்கு அப்போது ஒன்றுமே தோன்றவில்லை. இதைத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்தேன். நாலாவது ஆளுக்குக் கல் தேடுகிற இடத்தில், அந்தக் கல்லை எடுத்துக் கொடுத்ததே ஒரு ஆள். நான் மலையைப் பார்த்து, "எவ்ளோ அழகு, இல்ல?" என்று சொல்லிக்கொண்டு போனேன்.

அஞ்செட்டியில் டீ. தேன்கனிக்கோட்டை தாண்டியதும் கேரட், கோஸ், பசுமைக் குடில்கள். ஓசூரில் இருந்து டிராபிக். பெங்களூர் போய், ஒரு தெருவுக்குள் நாலு தடவை தப்பாகத் திரும்பி, ஆரோக்கியம் கன்னடத்தில் வழி கேட்டு, பதினொன்றேகாலுக்கு வீட்டைக் கண்டுபிடித்தோம். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

"நான் வண்டியில இருக்கேனுங்க" என்றார் ஆரோக்கியம். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார். மாதேஷ் ஒரு நிமிஷம் கார் பக்கத்திலேயே நின்றான். சித்தி மேலே இருந்து, "வாப்பா, நேரமாவுது" என்றாள். வந்துவிட்டான்.

நல்ல மனிதர்கள். அந்த அப்பா, "ஏரியூர்ல இருந்தா? அஞ்செட்டி ரோட்டுலயா வந்தீங்க? அடேங்கப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பெண் வந்தாள். தலை குனிந்து வரவில்லை. "வணக்கங்க" என்று எல்லோரையும் பார்த்துச் சொல்லிவிட்டு, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது.

மாதேஷ் வழக்கம்போல டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கேள்விக்கு, "ஆமாங்க", "இல்லீங்க". சித்தி என்னைப் பார்த்தாள். இதுவும் 'ஓ' தான் போல என்று அவள் கண் சொன்னது. தட்டில் பழம் எடுத்து வைக்கலாம் என்று பையைக் கவிழ்த்தாள். ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை, எலுமிச்சம்பழம் எல்லாவற்றோடும் அதுவும் விழுந்தது. டைல்ஸ் தரையில் 'டொக்' என்று ஒரு சத்தம். உருண்டு போய் வளர்மதியின் காலருகே நின்றது.

அவள் எடுத்தாள். சிரித்துக்கொண்டே எடுத்தவள், கையில் திருப்பிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது எங்க எடுத்தீங்க?"

"நாற்றாம்பாளையத்துக்கு முன்னாடிம்மா. ரோட்டோரம்" என்றேன்.

"நெனச்சேன். அந்தப் பக்கத்துக் கல்லு சாதாரணக் கல்லு இல்லீங்க. ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி அங்க பூமிக்கு அடியில இருந்து நெருப்புக் குழம்பு ஏறி வந்திருக்கு. எரிமலைன்னு வெச்சுக்குங்களேன். மேல இருந்த மலையெல்லாம் மழையிலயும் காத்துலயும் தேஞ்சு போயிருச்சு. நீங்க பாத்துட்டு வந்தது அதோட வேரு."

காலை முழுக்க அணைந்துபோன எரிமலைகளுக்கு நடுவில் வந்திருக்கிறோம்! நான் ஆ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. மாதேஷ் வாயைத் திறந்தான்.

"இது நொரைக்குமுங்க."

வளர்மதி திரும்பினாள். "என்ன சொன்னீங்க?"

"எங்க கொல்லையிலயும் கெடக்குதுங்க, இதே மாதிரி வெள்ளைக் கல்லு. ஒருக்கா கொல்லையில சோறு திங்கறப்ப எலுமிச்ச ஊறுகா அதும்மேல சிந்திருச்சி. புசுபுசுன்னு நொரை வந்துது. அப்பறம் பழத்தப் புழிஞ்சும் பாத்தேன். எல்லாக் கல்லும் நொரைக்காதுங்க. இது மட்டுந்தான்."

"நீங்களாவே கண்டுபிடிச்சீங்களா?"

"ஆமாங்க. மோட்டார் ஓடறப்ப சும்மாதான உக்காந்திருப்பேன்."

அவள் உள்ளே ஓடிப்போய்க் கத்தி கொண்டுவந்தாள். அவன் பைக் சாவியால் கல்லைச் சுரண்டிக் கொஞ்சம் பொடியாக்கினான். தட்டில் இருந்த எலுமிச்சம்பழத்தை அவள் வெட்டினாள். சித்தி, "ஐயோ, அது தாம்பூலத்துக்கு..." என்று ஆரம்பித்து விட்டுவிட்டாள். இரண்டு பேரும் தரையில் குந்தி, தலையோடு தலை முட்டுகிற தூரத்தில் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் பிழிந்தான்.

நுரைத்தது. நிஜமாகவே நுரைத்தது. சின்னச் சின்னக் குமிழாக, சோடாவைத் திறந்த மாதிரி.

வளர்மதி கை தட்டினாள். "லேப்ல நாங்க ஆசிட் ஊத்தித்தான் பாப்போம். நீங்க ஊறுகாயிலயே முடிச்சிட்டீங்க!" மாதேஷ் வெட்கப்பட்டான். அவள் அப்பா என்னைப் பார்த்தார். நான் சித்தியைப் பார்த்தேன். சித்தியின் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷ அலைச்சலும் அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் என்று எனக்கே தோன்றியது.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம்... கடவுளே, அத்தோடு எழுந்து வந்திருக்கலாம்.

"சரி, கல்லை எதுக்குங்க பொண்ணு பாக்கக் கொண்டு வந்தீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

மாதேஷ் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். கதை சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் நான் விடுவேனா? என் வீட்டுக்காரரின் பரோட்டாவில் ஆரம்பித்து, சித்தியின் வாந்தி, மூன்று பேர் சாங்கியம், பையில் ஏறிய நாலாவது ஆள் என்று கையைக் காலை ஆட்டி நடித்தே காட்டினேன். அவள் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க மொரப்பூர்லயும் உண்டுங்க இது!"

வளர்மதியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பால்கனிப் பக்கம் பார்த்தாள். கீழே தெரு. தெருவில் கார். கார் பானெட்டில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த ஒரு ஆள்.

"கார் ஓட்டிட்டு வந்தது யாரு?"

சித்திதான், தன் மனசில் அது ஒரு குற்றமே இல்லாததால், சாதாரணமாகச் சொன்னாள். "அவரு டிரைவரும்மா. எங்க ஊருதான். வேதக்காரரு. நம்ம சாங்கியத்துல அவரு சேர மாட்டாரே."

வளர்மதி உள்ளே போனாள். ஒரு டம்ளர் காபியும் தட்டில் பஜ்ஜியும் எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கிப் போனாள். போனவள் வர நேரமாயிற்று. நாங்கள் அந்த அரைவட்ட எலுமிச்சம்பழங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டு விசேஷங்களில் எல்லோரும் சாப்பிட்டு முடித்து, பந்தி இலைகளை எடுக்கிற நேரத்தில் யாராவது ஒருத்தர் கேட்பார்: "டிரைவர் சாப்ட்டாரா?" அந்தக் கேள்வி கேட்கிறவர் வீட்டிலேயே ரொம்ப நல்லவர் என்று பெயர் எடுத்திருப்பார். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் எனக்குத்தான். அன்றைக்கு நான் அதைக்கூடக் கேட்கவில்லை.

அவள் மேலே வந்தாள். மூச்சு வாங்கியது. நேராக மாதேஷைப் பார்த்தாள்.

"உங்க கூடப் படிச்சவராமே?"

"ஆமாங்க."

"அந்தக் கல்லை அவருதான் எடுத்துக் குடுத்தாராம். நான் கேட்டதும் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அப்ப நீங்க அங்கதான் இருந்தீங்களா?"

"இருந்தேங்க."

"என்ன சொன்னீங்க?"

மாதேஷ் என்னைக் காட்டியிருக்கலாம். அக்காதான் சொன்னாங்க என்று சொல்லியிருக்கலாம். அம்மா பழைய காலத்து மனுஷி என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மை. அவன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

"ஒண்ணும் சொல்லலைங்க."

"சொல்லணும்னு தோணுச்சா?"

"தோணுச்சுங்க."

அவள் கோபமாக இருந்திருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஆசைப்பட்ட ஒன்றைக் கடையில் திருப்பி வைக்கிறவர்களின் முகம் அது.

"உங்களை எனக்குப் புடிச்சுதுங்க. பொய் சொல்லலை. ஆனா பயமா இருக்கு. நாளைக்கு உங்க வீட்டுல என்னை ஒரு ஆளா எண்ணலைன்னாலும், உங்களுக்குத் தோணும்... ஆனா நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. மன்னிச்சுக்குங்க."

அவள் அப்பா பதறிப்போனார். "ஏய், என்னம்மா... வந்தவங்ககிட்ட..." என்று எழுந்தார். எங்களை உட்காரச் சொன்னார், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். நான் பேசினேன். தப்பு என்னுடையது என்றேன். நான்தான் கல்லை எடுக்கச் சொன்னேன், அவனுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்றேன். வளர்மதி பொறுமையாகக் கேட்டாள். "நீங்க சொல்றது புரியுதுக்கா. அவருக்குச் சம்பந்தம் இருந்திருக்கணும்னுதான் நான் சொல்றேன்" என்றாள். வாரம் ஒரு பக்கம் எழுதுகிறவளிடம் ஒரு வார்த்தை இல்லை.

கீழே இறங்கினோம். ஆரோக்கியம் எங்கள் முகத்தைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணுங்கக்கா, எனக்கே காப்பி கொண்டாந்து..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. அவர் முகம் செத்துவிட்டது.

"என்னாலயாங்க? நான் எதுக்குங்க வாயத் தொறந்தேன்... இருங்க, நான் மேல போயி சொல்லிட்டு வர்றேன். எனக்கு அதுல ஒண்ணும் மனக்கஷ்டம் இல்லன்னு சொல்றேன். மாதேஷ் என்னா மாதிரி ஆளுன்னு என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? ரெண்டு நிமிசம்ங்க."

நிஜமாகவே படி ஏறத் தொடங்கிவிட்டார். மாதேஷ் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான்.

"வேணாண்டா மாப்ள. இதுக்கும் நீயே போவியா?"

இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள்.

திரும்பும்போது ஹைவேதான். மலை பார்க்கிற ஆசை எனக்கு விட்டுப்போயிருந்தது. ஆனாலும் மலைகள் வந்துகொண்டேதான் இருந்தன. ஓசூர் தாண்டியதில் இருந்து இரண்டு பக்கமும். சாயங்கால வெயிலில் எல்லாமே அழகாக இருந்தன, அதுதான் தாங்க முடியவில்லை. கிருஷ்ணகிரி வரைக்கும் முன் சீட்டுக் கிண்டல் இல்லை. ஆரோக்கியம் கண்ணாடியில் பின்னால் பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டார். நான் ஒரு தடவை, "ஆரோக்கியம், மன்னிச்சிருங்க" என்றேன். "அய்யே, விடுங்கக்கா" என்றார். அந்த 'விடுங்கக்கா'வில் மன்னிப்பு இருந்ததா, சலிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த மாதிரி எத்தனை தடவை அவர் 'விடுங்க' சொல்லியிருப்பார்?

கிருஷ்ணகிரி தாண்டி டீக்கு நிறுத்தினோம். நான்கு டீ வந்தது. சித்தி அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததை அங்கே கொட்டினாள்.

"என்னா திமிரு புடிச்ச பொண்ணு! வூடு தேடி வந்தவங்கள நிக்க வெச்சிக் கேள்வி கேக்குது. ஒரு கல்லுக்கு இம்மாம் பேச்சா? நல்ல வேளை, தப்பிச்சோம்."

"அவள ஒண்ணும் சொல்லாதம்மா."

சத்தமாகச் சொன்னான் மாதேஷ். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் சித்தியிடம் அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆரோக்கியமும் கேட்டிருக்க மாட்டார். சித்தி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டாள். காலையில் அந்த வளைவிலேயே வந்திருக்க வேண்டிய குரல். யாருக்கும் பயனில்லாத ஒரு டீக்கடையில் வந்தது.

நான் ஏதாவது ஆறுதல் சொல்லணுமே என்று, "விடு தம்பி, வேற நல்ல இடமா வரும்" என்றேன். எல்லோரும் சொல்கிற அதே வாக்கியம். சொல்லும்போதே எனக்குக் கசந்தது.

மாதேஷ் டீயைக் குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துப் பேசினான்.

"எனக்குப் பொண்ணு புடிச்சிருக்கா, புடிக்கலையான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லக்கா. அதுக்கு முன்னாடியே அவங்க வேணாம்னு சொல்லிருவாங்க. நானும் யோசிச்சதில்ல. இன்னிக்குத்தான் மொதமொறையா ஒருத்தியப் புடிச்சிது. கல்லப் பாத்துக் கை தட்டுனா பாருங்க, அப்ப இல்ல... என்னை வேணாம்னு சொன்னா பாருங்க, அப்ப."